இத்தாலி 0 – வடக்கு மாசிடோனியா 1: கோச் மான்சினி இருக்கலாமா, போகணுமா?

ஆவடி அசூரி
25 மார்ச் 2022, அதிகாலை 3:24

தூக்கம் வரவில்லை, இழையைத் திறந்துவிட்டேன்.

90 நிமிடம் முடிகிற நேரம். எப்படியும் கூடுதல் நேரம் 30 நிமிடம் இருக்கிறது, அதற்குள் ஒரு டீ போட்டுவிடலாம் என்று எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள் என்று டிவி சத்தத்தை அறவே குறைத்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் 0-1. சிவப்புச் சட்டைக்காரர்கள் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். டிராய்கோவ்ஸ்கி, 92-ஆவது நிமிடம். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

நாம் கோலை நோக்கி அடித்தது 32 தடவை, அவர்கள் 4. எட்டு மாதத்துக்கு முன்னால் வெம்பிளியில் யூரோ கோப்பையைத் தூக்கிய அணி இது. 37 ஆட்டம் தோற்காமல் உலக சாதனை வைத்த அணி. இப்போது தொடர்ந்து இரண்டாவது உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை.

2017 நவம்பரிலும் இதே நாற்காலியில், இதே 1:15 ஆட்டத்துக்கு உட்கார்ந்திருந்தேன். ஸ்வீடன். இரண்டாவது நாளே அப்போதைய கோச் வென்டூராவை அனுப்பிவிட்டார்கள். மான்சினிக்கும் அதே கதிதானா? சொல்லுங்கள்.

பிரேசில் பாபு
25 மார்ச் 2022, அதிகாலை 3:31

கத்தார் விமானத்தில் 26 சீட் காலி. யாருக்காவது வேண்டுமா?

தூத்தூர் 10
25 மார்ச் 2022, அதிகாலை 3:40

பாபு, போய்ப் படு.

அண்ணே, நான் நம் பெரார்டியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் பாதி, அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர்கள் கோலி திமித்ரியெவ்ஸ்கி பந்தை நேராக பெரார்டி காலுக்கே தள்ளிவிடுகிறார். கோலில் ஆள் இல்லை. உள்ளே உருட்டிவிட்டால் போதும். பெரார்டி மெதுவாக அடிக்கிறார், கோலி ஓடிப்போய்ப் பிடித்துவிடுகிறார்.

எங்கள் கடற்கரையில் ஆடும்போது இப்படி ஒரு பந்து கிடைத்தால் காலே கனத்துப்போகும். கஷ்டமான பந்தில் யோசிக்க நேரம் இருக்காது, அடித்துவிடுவோம். இந்த மாதிரிப் பந்தில்தான் நேரம் இருக்கும், பயமும் கூடவே வரும். அதை கோச் தலையில் எப்படிப் போடுவது?

வல்வை மச்சான்
25 மார்ச் 2022, அதிகாலை 3:52

போடலாம், ஏன் போடக்கூடாது? 32 தடவை அடித்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்றால் அது அதிர்ஷ்டம் இல்லை, ஆட்டத் திட்டம். முக்கால்வாசி தூரத்திலிருந்து அடித்த பந்துகள், இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் காலில் பட்டு வெளியே போனவை. உள்ளே நுழைகிற வழி ஒருவருக்கும் தெரியவில்லை.

மான்சினி யூரோ வென்ற பெடியளை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். கியெசா ஜனவரியில் முழங்கால் தசைநார் அறுந்து படுத்துவிட்டார், சரி. மற்றவர்கள்? இம்மொபிலே தன் கிளப்புக்கு மழைபோலக் கோல் அடிப்பார், நீலச் சட்டை போட்டால் ஆள் வேறு. கடைசியில் 89-ஆவது நிமிடத்தில் ஜோவாவ் பெத்ரோவை இறக்குகிறார். அந்த மனுஷனுக்கு இத்தாலிக்காக அதுதான் முதல் ஆட்டம்! ஒரு நாட்டின் உலகக் கோப்பையை அறிமுக ஆட்டக்காரன் கையில் ஒரு நிமிடத்துக்குக் கொடுப்பது என்ன உதைபந்தாட்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

என் முடிவு: போக வேண்டும்.

நள்ளிரவு கோலி
25 மார்ச் 2022, காலை 6:15

நம் கோலி டொன்னரும்மாவைத் திட்டி வந்த பதிவுகளுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். மாவட்ட லீகில் பதினோரு வருடம் கோலியாக நின்றவன் என்ற உரிமையில்.

1.96 மீட்டர் உயரக் கோலிக்கு மேலே வருகிற பந்து சுலபம். தரையோடு, வேகமாக, ஓரத்துக்குப் போகிற பந்து கஷ்டம். உடம்பு கீழே இறங்க நேரம் எடுக்கும். அவர் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் இறங்கியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். இந்த மாதத் தொடக்கத்தில் ரியல் மாட்ரிட் ஆட்டத்தில் பென்ஸிமா காலடியில் பந்தைத் தொலைத்த பிறகு பையன் மனசு சரியில்லை என்பதும் தெரிகிறது.

ஆனால் ரீப்ளேயைத் திரும்பப் பாருங்கள். நீளமாக வந்த பந்தை யாரும் சுத்தமாக வெட்டவில்லை. டிராய்கோவ்ஸ்கி பந்தைக் கட்டுப்படுத்தி, நகர்த்தி, நிமிர்ந்து பார்த்து அடிக்கிற வரை ஒருவரும் கிட்டே போகவில்லை. எல்லாருக்கும் மனசு கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது. ஆவடி அண்ணன் டீ போடப் போன மாதிரி.

ஆவடி அசூரி
25 மார்ச் 2022, காலை 6:22

தேவையா இது.

மட்டுறுத்துநர்
25 மார்ச் 2022, காலை 8:05

வீரர்களின் குடும்பத்தை இழுத்து எழுதிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

பினாங்கு பெரியவர்
25 மார்ச் 2022, காலை 9:30

எங்களுக்கு ஆட்டம் ஆரம்பித்ததே விடியற்காலை 3:45-க்கு. முடிந்ததும் அப்படியே வேலைக்கு வந்துவிட்டேன். கண்ணெல்லாம் எரிகிறது.

யாரும் கவனித்தீர்களா, டிராய்கோவ்ஸ்கி நான்கு வருடம் பாலெர்மோவுக்கு ஆடியவர். 2015-லிருந்து 2019 வரை, நேற்று ஆட்டம் நடந்த அந்த மைதானம்தான் அவருடைய சொந்த மைதானம். ரென்ஸோ பார்பேராவின் புல் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். அங்கேயே வந்து அடித்திருக்கிறார்.

2002 ஞாபகம் வருகிறது. தென் கொரியாவிடம் தங்க கோலில் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடியும்) தோற்றோமே, அடித்த ஆன் ஜுங்-ஹ்வானும் அப்போது இத்தாலியில் பெருஜா கிளப்பில் இருந்தவர்தான். இனி அவருக்கு என் கிளப்பில் இடமில்லை என்று பெருஜா முதலாளி குதித்த குதி உலகமே சிரித்தது. நம் வீட்டுச் சோற்றைத் தின்றவன் கையால்தான் நமக்குச் சாவு என்று எழுதியிருக்கிறது போல.

அதற்கும் முன்னால் 1966. வட கொரியாவிடம் 1-0. ஊர் திரும்பிய அணியைத் தக்காளி வீசி வரவேற்றார்கள், கோச் ஃபாப்ரியின் வேலையும் போனது. அதன்பிறகு இத்தாலியில் ‘கொரியா’ என்றாலே அவமானம் என்று அர்த்தம். இனிமேல் ‘மாசிடோனியா’வும் சேரும்.

கோமதி கோவை
25 மார்ச் 2022, மதியம் 1:47

எல்லாரும் நேற்றைய 90 நிமிடத்தையே நோண்டுகிறீர்கள். இத்தாலி பிளே-ஆஃப் (குழுவில் முதலிடம் கிடைக்காதவர்களுக்கான இரண்டாவது வாய்ப்பு) ஆட வேண்டிய அவசியமே இருந்திருக்கக் கூடாது.

தகுதிச் சுற்றில் சுவிட்சர்லாந்து 18 புள்ளி, இத்தாலி 16. இவர்கள் இரண்டு பேருக்கும் இடையே இரண்டு ஆட்டம், இரண்டும் டிரா. இரண்டிலும் இத்தாலிக்கு பெனால்டி கிடைத்தது. இரண்டையும் அடித்தவர் ஜோர்ஜினியோ. செப்டம்பரில் பாஸலில் ஸோமர் பிடித்துவிட்டார். நவம்பரில் ரோமில் 90-ஆவது நிமிடம், பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏதாவது ஒன்று உள்ளே போயிருந்தால் இத்தாலி 18, சுவிஸ் 17. நேராக கத்தார். யூரோ அரையிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராகக் கடைசி பெனால்டியைச் சின்னதாகக் குதித்து அவ்வளவு நிதானமாக உருட்டிவிட்டாரே, அதே மனிதர்.

ரோமில் அடிக்க அவரை அனுப்பியது சரியா என்று கேட்கலாம். ஒருமுறை தவறவிட்டவரை, அதே கோலிக்கு எதிராக, 90-ஆவது நிமிடத்தில். நானாக இருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். கோச்சின் தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஜோவாவ் பெத்ரோவை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. 2006 ஜூலை 9, பெர்லின் இறுதி ஆட்டம். அதற்குப் பிறகு உலகக் கோப்பையில் இத்தாலி ஒரு நாக்-அவுட் ஆட்டம்கூட ஆடவில்லை. 2010-இல் குழுவிலேயே கடைசி, லிப்பி போனார். 2014-இல் உருகுவேயிடம் தோற்ற அன்றே பிராந்தெல்லி ராஜினாமா. 2017-இல் வென்டூரா. ஒவ்வொரு தடவையும் கோச் தலை உருண்டிருக்கிறது. உருட்டி என்ன ஆயிற்று?

வல்வை மச்சான்
25 மார்ச் 2022, மதியம் 2:10

> உருட்டி என்ன ஆயிற்று?

அக்கா, வென்டூராவை உருட்டியதால்தான் மான்சினி வந்தார், யூரோ வந்தது. உங்கள் கணக்கிலேயே ஓட்டை இருக்கிறது.

கோமதி கோவை
25 மார்ச் 2022, மதியம் 2:38

சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு. ஆனால் மான்சினி வந்ததும் முதலில் என்ன செய்தார்? 2018 செப்டம்பரில் சேரி ஆ-வில் (இத்தாலியின் முதல்நிலை லீக்) ஒரு ஆட்டம்கூட ஆடாத ஸானியோலோவை தேசிய அணிக்குக் கூப்பிட்டார். 19 வயது. எல்லாரும் சிரித்தார்கள். கிளப்கள் இளைஞர்களை ஆடவிடுவதில்லை என்பதைச் சொல்வதற்கு அவருக்கு அதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

அந்த லீகில் ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர். போதாததற்கு 2019-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கு வருமான வரியில் பெரிய சலுகை. விஞ்ஞானிகளையும் வல்லுநர்களையும் ஈர்க்க வந்த சட்டம், கால்பந்து வீரர்களுக்கும் பொருந்திவிட்டது. ஒரே சம்பளத்துக்கு வெளிநாட்டு வீரர் கிளப்புக்கு மலிவாகக் கிடைத்தால், உள்ளூர்ப் பையனை எந்த முதலாளி வளர்ப்பார்? மளிகைக் கடைக்காரர்கூட அந்தக் கணக்குப் போடுவார்.

இம்மொபிலேவுக்குப் பின்னால் வரிசையில் யார் நிற்கிறார்கள்? அங்கேதான் சிக்கல்.

தூத்தூர் 10
25 மார்ச் 2022, மாலை 6:02

எனக்கு 2017 சரியாக ஞாபகம் இல்லை, அப்போது பத்தாம் வகுப்பு. வென்டூரா அப்படி என்னதான் செய்தார்? எல்லாரும் அவரை வில்லன் மாதிரியே பேசுகிறீர்கள்.

ஆவடி அசூரி
25 மார்ச் 2022, இரவு 9:40

தம்பி, சொல்கிறேன், உட்காரு.

முதல் ஆட்டம் ஸ்வீடனின் ஸோல்னாவில். மாற்று ஆளாக வந்த யாகோப் யொஹான்ஸன் அடித்த பந்து டி ரோஸ்ஸி மேல் பட்டுத் திசை மாறி உள்ளே போனது, 1-0. இரண்டாவது ஆட்டம் மூன்று நாள் கழித்து, 2017 நவம்பர் 13, மிலானின் சான் சீரோ. ஒரு கோல் போட்டால் சமம், இரண்டு போட்டால் ரஷ்யா உலகக் கோப்பை.

அந்த சீசனில் இத்தாலியில் நல்ல ஃபார்மில் இருந்த முன்கள ஆட்டக்காரர்களில் ஒருவர் இன்சின்யே. வென்டூரா அவரை முழு ஆட்டமும் பெஞ்சில் உட்காரவைத்தார். ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. இரண்டாம் பாதியில் வார்ம்-அப் செய்யச் சொல்லி டி ரோஸ்ஸியிடம் உதவியாளர் வருகிறார். டி ரோஸ்ஸி தடுப்பாட்டத்துக்கு முன்னால் நிற்கிற மிட்ஃபீல்டர். அவர் கடுப்பாகி, நான் எதற்கு, நமக்கு வேண்டியது டிரா இல்லை, வெற்றி என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்சின்யேவைக் கையால் காட்டுகிறார். கேமரா அப்படியே பிடித்துவிட்டது. கோச்சுக்குத் தெரியாதது பெஞ்சில் இருந்தவருக்குத் தெரிந்தது.

0-0. பஃபன் அழுதுகொண்டே பேட்டி கொடுத்தார். அவருக்கு 175-ஆவது ஆட்டம், ஆறாவது உலகக் கோப்பைக்குப் போக வேண்டியவர். வென்டூராவோ தானாகப் போக மறுத்தார், நீக்கினார்கள். கூட்டமைப்புத் தலைவர் தவெக்கியோவும் ஒரு வாரத்தில் ராஜினாமா. இதில் கொடுமை, அந்த ஆகஸ்டில்தான் வென்டூராவுக்கு 2020 வரை ஒப்பந்தத்தை நீட்டியிருந்தார்கள்.

அதனால்தான் எனக்கு மான்சினி மேல் அந்தக் கோபம் வரவில்லை. நேற்று இன்சின்யே ஆரம்பத்திலிருந்தே ஆடினார். அவரும் ஒன்றும் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

பிரேசில் பாபு
25 மார்ச் 2022, இரவு 9:55

இவ்வளவு நீளமாக எழுதினால் அடுத்த உலகக் கோப்பையே வந்துவிடும். உங்களுக்கு அல்ல, எங்களுக்கு.

நள்ளிரவு கோலி
30 மார்ச் 2022, காலை 7:20

மான்சினி இருக்கிறார். கூட்டமைப்புத் தலைவர் கிராவினா ஆரம்பத்திலிருந்தே அவர் பக்கம்தான். நேற்று கோன்யாவில் துருக்கியை 3-2 ஜெயித்தார்கள், ராஸ்பதோரி இரண்டு கோல். யாருக்கும் வேண்டாத ஆட்டம். அதே இரவில் போர்த்துகல் மாசிடோனியாவை 2-0 என்று முடித்துவிட்டது. நம்மைச் சாய்த்தவர்களும் கத்தார் போகவில்லை.

ஆவடி அசூரி
14 ஆகஸ்ட் 2023, காலை 10:11

தூசி தட்டுகிறேன். மான்சினி ராஜினாமா! ஒன்றரை வருடத்துக்கு முன்னால் போ போ என்றபோது போகவில்லை. இப்போது இருங்கள் என்கிறபோது போகிறார். பத்து நாள் முன்னால்தான் இளையோர் அணிகளையும் சேர்த்து அவர் மேற்பார்வையில் கொடுத்தார்கள்.

வல்வை மச்சான்
14 ஆகஸ்ட் 2023, காலை 10:40

நான் அப்போதே சொன்னேன்.

பினாங்கு பெரியவர்
29 ஆகஸ்ட் 2023, இரவு 8:15

மான்சினி சவூதி அரேபியாவுக்குக் கோச்சாம். சரி, புரிந்துவிட்டது.

நமக்குப் புதுக் கோச்சாக ஸ்பாலெட்டி நல்ல தேர்வு. 33 வருடம் கழித்து நாப்போலிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த மனிதர். ஆனால் கிளப்பில் தினமும் பையன்களைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து ஒரு ஆட்டத்தை உருவாக்குகிறவர் அவர். தேசிய அணியில் மாதத்துக்கு நாலு நாள் கிடைத்தால் பெரிய விஷயம். பார்ப்போம்.

கோமதி கோவை
9 ஜூன் 2025, காலை 11:30

பெரியவர் 2023-இல் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. யூரோவில் சுவிட்சர்லாந்திடம் 2-0, முந்தாநாள் இல்லை, அதற்கு முந்தைய நாள் ஓஸ்லோவில் நார்வேயிடம் 3-0.

நேற்றைய பத்திரிகையாளர் கூட்டம் பார்த்தீர்களா? தன்னை நீக்கிவிட்டார்கள் என்று ஸ்பாலெட்டியே உட்கார்ந்து அறிவிக்கிறார். ராஜினாமா செய்ய விருப்பமில்லை, ஆனால் நீக்கினால் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். இதில் இன்று இரவு மால்டோவா ஆட்டத்துக்கும் அவர்தான் கோச்! வேலை போனவரை, போனது போகட்டும் இன்று ஒரு நாள் கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உட்காரவைப்பது.

அந்த வரிச்சலுகை கால்பந்து வீரர்களுக்கு 2023 முடிவோடு நின்றுவிட்டது. அதன் பலன் தெரிய இன்னும் வருடங்கள் ஆகும். அதுவரை எத்தனை கோச் மாறுவார்களோ.

தூத்தூர் 10
16 ஜூன் 2025, மாலை 5:48

ரனியேரி வேண்டாம் என்றுவிட்டார். கட்டூசோ வந்தாச்சு. 2006-இல் கோப்பை வாங்கியவர். களத்தில் அவர் ஓடுவதைப் பார்த்தாலே நமக்கு வேர்க்கும். ஆனால் கோச்சாக?

வல்வை மச்சான்
16 ஜூன் 2025, மாலை 6:30

கத்துவதற்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். கோல் அடிக்க ஆள் எங்கே?

ஆவடி அசூரி
17 நவம்பர் 2025, அதிகாலை 3:19

மறுபடியும் நான். மறுபடியும் சான் சீரோ. நார்வே 4, இத்தாலி 1.

பியோ எஸ்போசித்தோ ஆரம்பத்திலேயே அடித்தபோது எழுந்து நின்றேன். 20 வயசுப் பையன், கோலுக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்கித் திரும்பி அடித்தான் பாருங்கள், கோமதி கேட்டாரே பின்னால் வரிசையில் யார் என்று, இவன்தான். இரண்டாம் பாதியில் ஹாலண்ட் ஒரே நிமிட இடைவெளியில் இரண்டு போட்டார். நார்வே எட்டுக்கு எட்டும் ஜெயித்து 1998-க்குப் பிறகு முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போகிறது. நாம் எட்டில் ஆறு ஜெயித்தும் பிளே-ஆஃப். ஆறு ஜெயித்தும் இப்படியா என்று கட்டூசோ முறையையே குறை சொல்கிறார். ஓஸ்லோவில் மூன்று, மிலானில் நாலு வாங்கிவிட்டு முறையைக் குறை சொன்னால் யார் கேட்பார்கள்.

கோமதி கோவை
21 நவம்பர் 2025, காலை 9:05

பிளே-ஆஃப் குலுக்கல் வந்துவிட்டது. அரையிறுதி இத்தாலியில், வடக்கு அயர்லாந்துடன். ஜெயித்தால் வேல்ஸ் அல்லது போஸ்னியா, அதுவும் அவர்கள் ஊரில்.

பினாங்கு பெரியவர்
21 நவம்பர் 2025, காலை 9:50

வடக்கு அயர்லாந்தா! 1958 உலகக் கோப்பைக்குப் போகவிடாமல் பெல்ஃபாஸ்டில் 2-1 என்று நம்மை அனுப்பியவர்கள் அவர்கள்தான். கத்தார் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில், 2021 நவம்பரில், அதே பெல்ஃபாஸ்டில் 0-0 வாங்கித்தான் பிளே-ஆஃபுக்கே தள்ளப்பட்டோம். எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

நள்ளிரவு கோலி
21 நவம்பர் 2025, காலை 10:02

இந்தத் தடவை அவர்கள்தானே நம் ஊருக்கு வருகிறார்கள்.

பினாங்கு பெரியவர்
21 நவம்பர் 2025, காலை 10:04

மாசிடோனியாவும் நம் ஊருக்குத்தான் வந்தது.

தூத்தூர் 10
21 நவம்பர் 2025, காலை 10:20

மார்ச் 26 வியாழக்கிழமை. நமக்கு விடிந்தால் வெள்ளி, அதிகாலை 1:15. ஆவடி அண்ணே, டீயை ஃப்ளாஸ்க்கில் முதலிலேயே ஊற்றி வைத்துவிடுங்கள்.

ஆவடி அசூரி
21 நவம்பர் 2025, காலை 10:26

ஃப்ளாஸ்க் வாங்கி மூன்று வருடம் ஆகிறது தம்பி.